மழை நாள் அட்டவணை

அக்டோபர் 24, வெள்ளி

என் வாசிப்புக் குறிப்பேட்டை இன்று நான்காவது பீரியடில் ஜோதிமலர் டீச்சர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்தாவது பீரியடில் கணக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் அதில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்பது உறைத்தது. அதற்குப் பிறகு கரும்பலகையில் இருந்த எதுவும் கண்ணில் படவில்லை.

இது வேறு நோட்டு. அம்மா செக்கிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கொடுத்த பழைய டைரி. கிழமைகள் பொருந்தாது, அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். அப்பாவும் அம்மாவும் தூங்கிய பிறகு அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்தால், காம்பவுண்டு விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக ஒரு பக்க அளவுக்கு விழும். அது போதும். புத்தகங்களின் பெயரை இதில் எழுத மாட்டேன். பெயர் தெரிந்தால் யாராவது தேடிப் போவார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு வாசிப்பு இயக்கம் உண்டு. ஒரு புத்தகம் படித்தால் நான்கு தலைப்புகளில் எழுத வேண்டும்: சுருக்கம், பிடித்த இடம், புதிதாகத் தெரிந்துகொண்டது, என் ஊரில் நான் கண்டது. கடைசித் தலைப்புக்குத்தான் மதிப்பெண் அதிகம். எல்லோரும் அதில் ஏமாற்றுவார்கள். என் பக்கத்தில் உட்காரும் ரெஜினா ஒரு முயல் கதையைப் படித்துவிட்டு ‘என் ஊரிலும் முயல் உண்டு, ஆனால் பேசாது’ என்று எழுதி ஐந்துக்கு மூன்று வாங்கினாள்.

நான் படித்தது பச்சை அட்டை போட்ட புத்தகம். ஆறுகளைப் பற்றியது. முந்நூறு பக்கம். முதலில் படம் இருக்கிறதா என்று புரட்டினேன், இல்லை. ஆனால் அதை எழுதியவர் ‘ஆறு செத்துவிட்டது’ என்று யாரும் எழுதக் கூடாது என்கிறார். ஆறு தானாகச் சாகாது, ஒவ்வொரு மதகையும் ஒரு கை திறக்கிறது, அந்தக் கைக்குப் பின்னால் ஓர் உத்தரவு இருக்கிறது என்கிறார். அவர் ஒரு வாய்க்காலின் நிறத்தை ஒரு வருடம் முழுக்கக் குறித்து அட்டவணை போட்டிருந்தார். எனக்கு அந்த அட்டவணை ரொம்பப் பிடித்தது. நானும் ஒன்று போட்டேன்.

நாங்கள் குடியிருப்பது சாயப்பட்டறை காம்பவுண்டுக்குள் இருக்கும் லைன் வீடுகளில். அப்பா பட்டறையின் கழிவுத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறார். அந்தத் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்ற வேண்டும். மழை பெய்தால் மட்டும் முதலாளி போன் செய்வார். அப்பா போய் ஓடைப் பக்கம் இருக்கும் வால்வைத் திறப்பார். மழைத் தண்ணீரோடு அதுவும் போய்விடும். மறுநாள் அப்பாவின் பேண்டை ஊறவைத்துத் துவைப்பது என் வேலை. கால் பக்கம் எந்த நிறம் இறங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

‘ஜூன் 12 மழை – ஊதா. ஜூன் 30 மழை – சிவப்பு.’ இப்படிப் பதினோரு வரிகள். கீழே ஒரு குறிப்பு: ‘இவை என் அப்பா வால்வைத் திறந்த நாட்கள். முதலாளி போன் செய்தால்தான் அவர் திறப்பார்.’

அப்பா மேல் தப்பு வந்துவிடக் கூடாது என்றுதான் அந்தக் கடைசி வரியைச் சேர்த்தேன்.

அக்டோபர் 25, சனி

மழை இல்லை. சோற்றுக் குண்டானைத் தேய்த்தேன், இரண்டு முறை. நிலைகொள்ளவில்லை. ஒரு பக்கம் படிப்பதற்குள் எழுந்து வாசலுக்குப் போகிறேன்.

இப்போது கையில் இருப்பது மாயாஜாலக் கதை. ஓர் ஊர், அதன் நடுவில் ஒரு மலை. ஊரில் யாராவது பொய் சொன்னால் மலை ஒரு விரல் உயரம் வளரும். ஆனால் தினமும் பார்ப்பதால் யாருக்கும் தெரியாது. ஆண்டுக்கு ஒரு முறை கயிறு போட்டு அளப்பதற்கு அரண்மனை ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் ஒவ்வொரு வருடமும் பழைய உயரத்தையே எழுதி வைக்கிறார். அவருடைய மகள்தான் கதாநாயகி.

அறுபதாம் பக்கத்தில் ஒரு கிழவி வந்து அவளுக்கு வாள் கொடுக்கிறாள். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. வாளைக் கையில் கொடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் தைரியமாக இருக்கலாம்.

அக்டோபர் 27, திங்கள்

ஆசிரியர் அறைக்குப் போனேன். ஜோதிமலர் டீச்சர் தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர், என்ற நோட்டக் குடுத்தீங்கன்னா ஒரு பக்கம் மட்டும் திருத்திக் குடுத்தர்றேனுங்க.”

“என்னத்தத் திருத்தறது? நெம்ப நல்லா எழுதியிருக்க சாமி. ஸ்கேல் வெச்சு எவ்வளவு நேக்கா கட்டம் போட்டிருக்க! பி செக்சனுக்குக்கூட அதத்தான் கொண்டுபோய்க் காட்டுனேன்.”

“கட்டத்துக்குள்ள எழுதுனதப் படிச்சீங்களா டீச்சர்?”

“தேதி, மழை, கலரு. சயின்ஸ் நோட்டாட்டம் பண்ணியிருக்க. ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல.”

“நோட்டு இப்ப எங்கீங்க டீச்சர்?”

“மூணு நோட்டப் பொறுக்கி ஐயா வூட்டுக்குத் தாட்டிவுட்டாச்சு. பதினாலாந்தேதி குழந்தைகள் தினத்துக்கு அவருதான பரிசு குடுக்கறாரு? அவரு வாங்கிக் குடுத்த புத்தகத்தப் பிள்ளைங்க எப்படிப் படிச்சிருக்குதுன்னு பாக்கோணும்னாரு.”

ஐயா என்றால் எங்கள் முதலாளி. வகுப்பில் இருக்கும் புத்தக பீரோ அவர் அன்பளிப்பு. புத்தகக் கண்காட்சி முடிகிற நாளில் மொத்தமாக ஒரு மூட்டை வாங்கிக் கொடுத்தாராம். எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் அவர் பெயர் போட்ட முத்திரை இருக்கும். பச்சைப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் அதைப் பிரித்துப் பார்த்திருக்கவே மாட்டார்.

ரெஜினாவிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. நோட்டு ஐயா வீட்டுக்குப் போனதை மட்டும் சொன்னேன். “அவரு படிச்சுட்டாலும்! வூட்டுல சப்பாத்தி மடிக்கப் பேப்பர் தீந்துருக்கும்டி” என்றாள்.

அப்படியே ஆகட்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு முறை வாந்தி. அம்மாவிடம் பள்ளிக்கூட வாசலில் பஜ்ஜி தின்றேன் என்று சொன்னேன். மலை ஒரு விரல் வளர்ந்திருக்கும்.

அக்டோபர் 30, வியாழன்

குழாயடியில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. முதலாளியின் வெள்ளைக் கார் பின்னால் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

“நீ நம்ம சென்னி புள்ளதான? பேரு என்ன?”

“மைனாவதிங்க.”

“டீச்சர் சொன்னாங்க. அள்ளி அள்ளிப் படிக்கறியாமா? எந்தப் புத்தகம் புடிச்சுது?”

“பறவைப் புத்தகமுங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பீரோவிலிருந்து எடுத்து வந்து, அதில் பன்னிரண்டு பக்கம்தான் படித்திருந்தேன்.

“பறவையா? நம்ம காம்பவுண்டுல காக்காயத் தவுர ஒரு எழவும் வர்றதில்லியே!” என்று சிரித்தார். கார் போய்விட்டது. குடம் வழிந்து என் கால் நனைந்திருந்தது.

பறவைப் புத்தகம் என்றதை நம்பினார் என்றால் நோட்டைப் படித்திருக்க மாட்டார். படித்திருந்தால் ‘அது இல்லையே’ என்று சொல்லியிருப்பார். அல்லது படித்துவிட்டு நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தாரா?

மறுபடி கேட்டால் என்ன செய்வது என்று பறவைப் புத்தகத்தை இன்று முழுவதும் படித்து முடித்தேன். ஒவ்வொரு பறவைக்கும் என்ன தின்னும், எங்கே கூடு கட்டும், எப்படிக் கத்தும் என்று போட்டிருக்கிறது. யார் முட்டாள், யார் நல்லவன் என்று போடவில்லை. படிக்க நிம்மதியாக இருந்தது. நூற்று நாற்பதாம் பக்கத்தில் பவளக்கால் உள்ளான். கறுப்பு இறக்கை, குச்சி போன்ற நீண்ட சிவப்புக் கால். கழிவுநீர் நிற்கும் இடத்திலும் இரை தேடுமாம். எங்கள் ஓடையில் அது நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சாயம்தான் காலில் ஏறிவிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்று ராத்திரி மழை. போன் அடித்தது. அப்பா போனார், வந்தார்.

காலையில் பேண்டைத் தேடினால், அது கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. அப்பாவே துவைத்திருக்கிறார்.

“என்ன அதிசயமா இருக்குது? இன்னிக்கு மழ கொட்டப் போகுது” என்றாள் அம்மா.

“நேத்தே கொட்டிருச்சு” என்றார் அப்பா.

எனக்கு ஒரு வேலை மிச்சம். கையில் சாயமும் இல்லை. என்ன நிறம் என்று மட்டும் தெரியவில்லை. கொடிக்குக் கீழே போய்ப் பார்த்தேன். சொட்டுகிற தண்ணீர் வெறும் தண்ணீர். நன்றாக அலசியிருக்கிறார்.

மத்தியானம் அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு, “அம்மிணி, அந்தப் பச்சப் புத்தகம் வூட்டுல இருக்குதா?” என்று கேட்டார். என் வீட்டில் இருக்கும் புத்தகத்தின் நிறம் அப்பாவுக்குத் தெரியும் என்று நான் நினைத்ததில்லை.

“எதுக்குங்ப்பா?”

“சும்மாதான். கொஞ்சம் படி, கேப்போம்.”

ஆபத்தில்லாத அத்தியாயமாகத் தேடிப் படித்தேன். ஒரு மலைக் கிராமத்துப் பெண்கள் ஊற்றை மூட விடாமல் நாற்பது நாள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த கதை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “வால்வு தொறக்கறவனப் பத்தி ஒண்ணும் எழுதலியா?” என்றார்.

“எழுதலீங்ப்பா.”

எழுதியிருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். விசாரணைக் கமிஷன்கள் வருகின்றன, அறிக்கைகள் வருகின்றன, கடைசியில் சிறைக்குப் போவது மதகைத் திறந்தவன் மட்டும்தான் என்று.

ஏன் அப்படிக் கேட்டார் என்று நான் யோசிக்கப் போவதில்லை.

நவம்பர் 5, புதன்

மலைக் கதையின் கடைசி அத்தியாயத்தை முதலிலேயே படித்துவிட்டேன். அவள் ஜெயிக்கிறாள். இனி நடுவில் இருக்கும் இருநூறு பக்கங்களைப் பயமில்லாமல் படிக்கலாம்.

நவம்பர் 8, சனி

அம்மா வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக என்னைக் கட்டிப்பிடித்தாள். முதலாளி அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினாராம். டவுனில் ஹாஸ்டலோடு இருக்கும் பெரிய பள்ளிக்கூடம். செலவெல்லாம் அவருடையது. இருபதாம் தேதியே போய்ச் சேர்ந்துவிடலாம்.

“அரப் பரிச்சைக்கு முன்னாடி யாராச்சும் பள்ளிக்கூடம் மாத்துவாங்களாம்மா?”

“பெரிய மனுசங்க சொன்னா ஆகும். உன்ற வயசுல நான் கம்பெனியில டைலருக்குக் கை மடிச்சுக் குடுத்துட்டு இருந்தேன், ஆறு மணிக்குச் சங்கு ஊதுனா ஓடோணும். குடுக்கறத வாங்கிக்கடி கண்ணு.”

“எத்தன வருசத்துக்கு?”

“பன்னண்டாவது வரைக்கும். லீவுக்குக்கூட அங்கயே கிளாசு வெப்பாங்களாமா.”

அப்பா ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க என்னங்ப்பா சொல்றீங்க?” என்று கேட்டேன். “மோரு இருக்குதா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

முதலாளி நல்லவராகவும் இருக்கலாம். பறவைப் புத்தகம் படிக்கிற பிள்ளை என்று நினைத்துக்கூட உதவி செய்யலாம். இதை மூன்று முறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

ஹாஸ்டல் விண்ணப்பத்துக்கு அப்பாவின் ஆதார் நகல் வேண்டும் என்று அம்மா தேடச் சொன்னாள். அப்பாவின் பிளாஸ்டிக் உறையில் இஎஸ்ஐ கார்டு, ரேஷன் கார்டு, ஒரு பழைய லாட்ஜ் ரசீது. அதற்குள் நான்காக மடித்து என் நோட்டின் பக்கம்.

அட்டவணை.

கிழிக்கவில்லை, பிளேடால் அறுத்திருக்கிறது. ஓரம் ஸ்கேல் வைத்த மாதிரி நேர். அப்பா என் நோட்டுகளுக்கு அட்டை போடும்போது அப்படித்தான் வெட்டுவார். ஆக, நோட்டை அப்பாவிடம்தான் கொடுத்து வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். என்றைக்கு? பேண்டை அவரே துவைக்க ஆரம்பித்ததற்கு முன்பா?

வெட்டச் சொன்னவர் எரிக்கவும் சொல்லியிருப்பார். அப்பா எரிக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஆகஸ்ட் ஒன்பது என்று நான் எழுதியிருந்ததைப் பென்சிலால் அடித்து, பத்து என்று மாற்றியிருக்கிறார். அதே வரியில் ‘நீலம்’ என்பதை அடித்து ‘கருப்பு’ என்று எழுதியிருக்கிறார். அப்பா ஐந்தாவது வரைதான் படித்தார். அவர் எழுதும் ‘ரு’ எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். மற்ற பத்து வரிகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு சின்ன டிக்.

அப்பாவுக்கு எதிலும் தப்பு இருந்தால் பிடிக்காது. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மடித்த மாதிரியே மடித்து வைத்துவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

முதல் பரிசு எனக்கு.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முதலாளி வெள்ளை வேட்டி சட்டையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜோதிமலர் டீச்சர் மைக்கில் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து, “இந்தப் பொண்ணு ஒரு அட்டவண போட்டிருக்குது பாருங்க, பிரிண்டு தோத்துப்போகும்” என்று பக்கத்தைப் புரட்டினார். புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். தைத்திருக்கும் இடத்தில் விரலை வைத்துத் தடவினார். அப்போது டீச்சரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தேதி, மழை, கலரு. அவருக்கு இப்போதுதான் புரிந்தது. நோட்டை மூடிவிட்டு, “நேரமாச்சு, அடுத்த நிகழ்ச்சிக்குப் போலாம்” என்றார்.

“பொறுங்க டீச்சர்” என்றார் முதலாளி. “புள்ள ரெண்டு வார்த்த பேசட்டும். புடிச்ச புத்தகத்தப் பத்திச் சொல்லு கண்ணு.”

மைக் எனக்கு உயரமாக இருந்தது. பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அப்பா நின்றிருந்தார். முதலாளி எடுத்துக் கொடுத்த புதுச் சட்டை; மடிப்பு கலையவில்லை. பதினோரு தேதிகளும் எனக்கு மனப்பாடம். ஜூன் 12 என்று வாயைத் திறந்தால் போதும், மற்றவை தானாக வரும்.

“பவளக்கால் உள்ளான் என்ற பறவை” என்றேன். “அது நீரில் நடந்து இரை தேடும். அதன் கால்கள் நீண்டு சிவப்பாக இருக்கும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளிதான் அதிக நேரம் தட்டினார். பரிசு ஓர் அகராதி.

திரும்பும்போது மொபெட்டில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன். சட்டையில் கஞ்சி வாசனை. ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பாமலே சொன்னார்.

“பறவயப் பத்தி நல்லாத்தான் பேசுன.”

“பயமா இருந்துச்சுங்ப்பா.”

ரயில் போய் முடிந்தது. கேட் தூக்கும்போது, “எனக்குந்தான்” என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

ட்ரங்குப் பெட்டியில் துணி அடுக்கியாயிற்று. அம்மா எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் என் பெயரின் முதல் எழுத்தைத் தைத்திருக்கிறாள். நாலு நாள். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் வெளியே போய் வானத்தைப் பார்க்கிறேன்.

மலைக் கதையின் நடுப்பகுதியை முடித்துவிட்டேன். அந்த அப்பா ஏன் பழைய உயரத்தையே எழுதினார் என்று நூற்று எண்பதாம் பக்கத்தில் வருகிறது. உண்மையை எழுதினால் அளக்கும் வேலை போய்விடும், வேறு ஆள் வந்து அதே பழைய உயரத்தை எழுதுவான், ஊரில் உண்மையான உயரம் தெரிந்த ஒருவர்கூட இருக்க மாட்டார் என்கிறார். அது சாக்கா, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. கதாநாயகிக்கும் தெரியவில்லை. ஆனால் பத்தே பக்கத்தில் அவரை மலையிலிருந்து விழவைத்துச் சாகடித்துவிடுகிறார்கள். பிறகு அவள் சுதந்திரமாக வாளைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

எழுதுகிறவர்களுக்கு அப்பாக்களைச் சாகடிப்பது சுலபம். உயிரோடு வைத்துக்கொண்டு, தினமும் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்று, அதற்குள் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. பீரோவில் இருக்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லை, பார்த்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய், காலை

கட்டிலின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே தண்ணீர்.

ராத்திரி பதினொன்றுக்குப் பிடித்த மழை. உடனே போன் அடித்தது. அப்பா எழுந்து உட்கார்ந்தார், எடுக்கவில்லை. வால்வுச் சங்கிலியின் சாவி வழக்கம்போல் அவர் அரைஞாண் கயிற்றில் இருந்தது. போன் நின்றது, அடித்தது, நின்றது, அடித்தது. நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

“எடுங்க” என்றாள் அம்மா. “புள்ள வியாழக்கெழம ஹாஸ்டல் போகோணும்.”

“ருக்கு, அந்தத் தொட்டி நெறஞ்சா தண்ணி எங்க வரும்?”

“எங்க வரும், இங்கதான் வரும். லைனுக்குள்ள.”

“வரட்டும்.”

அம்மா எட்டி வாசற்படியைப் பார்த்தாள். பிறகு போனை அவளே எடுத்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. “அவருக்குக் காய்ச்சலுங்க” என்றாள். “எந்திரிக்க மாட்டாருங்க. இல்லீங்க, சாவி குடுத்துவுட ஆளில்லீங்க. சரீங்க, நீங்களே வாங்க.” வைத்துவிட்டு, “என்னைய எதுக்கு இப்படிப் பாக்கறீங்க? கீழ இருக்கற படுக்கைய மேல தூக்குங்க” என்று அப்பாவை அதட்டினாள்.

நாலு மணிக்கு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. கருஞ்சிவப்பு. முட்டை அழுகிய வாடை. அம்மா ட்ரங்குப் பெட்டியிலிருந்து என் ஹாஸ்டல் துணிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அரிசியைக் கொட்டி மூடினாள். லைனில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. “என்னடா கருமம் இது” என்று கத்தினார்கள். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு எல்லோரும் தொட்டிப் பக்கம் பார்த்தார்கள். தண்ணீர் லைனைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் போயிருக்கிறதாம்.

மழை குறைந்து ஏழு மணிக்குத்தான் முதலாளி வந்தார். காரைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு நடந்து வந்தார். வேட்டி முழங்கால் வரை சிவந்திருந்தது.

“ஏன்டா சென்னி, காய்ச்சலாடா உனக்கு? சாவி எங்கடா?”

அப்பா அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். நீட்டினார்.

“இந்தாங்க மொதலாளி. நீங்களே தொறந்துக்குங்க.”

“எகத்தாளமாடா? இன்னிக்கே வூட்டக் காலி பண்ணீரு.”

“சரிங்க.”

எங்கே போவோம் என்று தெரியாது. அம்மா அடுப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். அப்பா வாசலில் நிற்கிறார். என் அட்டவணைப் பக்கம் மடித்தபடியே அவர் சட்டைப் பையில் இருக்கிறது, மேல் ஓரம் வெளியே தெரிகிறது.

லைன் ஆட்கள் எல்லோரும் முழங்கால் வரை சிவந்த கால்களோடு வரிசையாக நின்று பார்க்கிறார்கள். கேட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ரெஜினாவின் அம்மா போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார். முதலாளி சாவியோடு வால்வுக்குப் பக்கத்தில் போய்விட்டார். சங்கிலியைப் பார்க்கிறார். திரும்பி எங்களைப் பார்க்கிறார். தொட்டி வழிந்துகொண்டிருக்கிறது.

இன்னும் திறக்கவில்லை.